துணையாளோடு சேர்த்து ரத்து

நான்கு துறைகளின் வண்டிகளை ஒரே மேசையிலிருந்து ஓட்டுகிறவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாது. ஆனாலும் அவளுக்குப் பெயர் வண்டியக்கா. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் ஒரு ஓரமாகக் கிடக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்கால் மூன்று வருடமாக மக்கர் செய்கிறது. காலை ஆறரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டுமென்றால் நாலே காலுக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, கடைசி நிறுத்தத்திலிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். அவளுக்கென்று எந்தத் துறையும் வண்டி அனுப்புவதில்லை. முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவள் புருஷன், நாற்காலியில் தலையைக் கொடுத்துவிட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பான். "ஊருக்கெல்லாம் வண்டி விடுறவ எம் பொண்டாட்டி. வீட்டுக்கு மட்டும் நடராஜா சர்வீஸ்." அவளும் முதல் இரண்டு வருடம் சிரித்தாள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் மூன்று மாதத்துக்குத் தற்காலிகம் என்று சொல்லித்தான் அந்த அறையில் உட்கார வைத்தார்கள். இன்றுவரை தற்காலிகமாகவே உட்கார்ந்திருக்கிறாள். அலுவலகத்தின் பின்பக்கம், பழைய கோப்புகளை அடைத்து வைத்திருந்த அறை அது. ஒரே ஜன்னல், அதைத் திறந்தால் ஜெனரேட்டர் முகத்தில் புகை விடும். மேசையில் மூன்று தொலைபேசிகள், ஒரு கணினி, மூடி தொலைந்த ஒரு ஃபிளாஸ்க். சுவரில் ஊர்ப்படம், அதில் நான்கு நிறத்தில் குண்டூசிகள். வாசலில் 'போக்குவரத்து ஒருங்கிணைப்பு அறை' என்று பலகை. அதைத் தாங்கிய இரண்டு ஆணியில் ஒன்று விழுந்து நாளாகிவிட்டதால் ஒருங்கிணைப்பு சற்றுச் சாய்ந்தே தொங்கும்.

அந்த அறை வருவதற்கு முன்னால் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் நான்கு அரசு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்குமாம், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆள். அதைப் பார்த்த மேலதிகாரி ஒருவர், எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டார். அறையை ஒன்றாக்கினார்கள். விதிகளை ஒன்றாக்க மறந்துவிட்டார்கள். அதை ஒருவரும் நினைவுபடுத்தவில்லை என்று சொல்ல முடியாது. வண்டியக்கா பதினோரு முறை எழுதிப்போட்டாள். பிறகு அவளுக்கே அலுத்துவிட்டது.

வெள்ளை வண்டி சுகாதாரத் துறையுடையது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவர்களை மட்டும். பக்கத்தில் இருக்கிறவர்கள் எப்படியாவது வந்துவிடுவார்கள் என்று யாரோ நினைத்துக்கொண்டார்கள். நீல வண்டி மாற்றுத்திறனாளிகள் துறையுடையது. சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றுகிற லிஃப்ட் அதில் மட்டும்தான் உண்டு. பச்சை வண்டி முதியோர் துறையுடையது. அறுபது தாண்டியவர்களைப் பகல்நேர இல்லத்துக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் கொண்டுபோகும். வழியில் ஆஸ்பத்திரி வந்தாலும் நிற்காது, அது வேறு துறையின் வேலை. மஞ்சள் வண்டி வேலைப் பயிற்சிக்குப் போகிற இளவட்டங்களுக்கு. அதில்தான் எப்போதும் பாதி இருக்கை காலி.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு தினமும் நானூறு பேரை நகர்த்துகிறாள். முகம் தெரியாது, குரல் தெரியும். இருமலை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவாள். தொண்டை கட்டியிருந்தால் வெந்நீர் குடிக்கச் சொல்வாள். பிள்ளைகள் பார்க்க வரவில்லை என்று யாராவது அழுதால் மூன்று நிமிடம் கேட்பாள். மூன்றுக்கு மேல் முடியாது, அடுத்த தொலைபேசி அடிக்கும். இதெல்லாம் பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். பழக்கம்தான். வீட்டுக்குப் போனால் புருஷன் பேசுவதற்கே அவள் காது கொடுப்பதில்லை, காது அங்கேயே தேய்ந்துவிடுகிறது.

அப்படிக் குரலாகவே தெரிந்தவர்தான் மெத்தைக்காரர். பேருந்து, வேன், லாரி இருக்கைகளுக்கு மெத்தை வைத்து உறை தைத்தவர். முப்பது வருடம் தைத்தார். சர்க்கரை நோய் முதலில் வலது காலை வாங்கிக்கொண்டது, அப்புறம் சிறுநீரகத்தில் கை வைத்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் காலை எட்டு மணிக்கு டயாலிசிஸ். மிச்சமிருக்கிற காலில் ஊன்றி நிற்க முடியாது. ஆள் கனமானவர். அரசு கொடுத்த இரும்புச் சக்கர நாற்காலி அவரைவிடக் கனம், மடங்கவும் மடங்காது. வீட்டில் ஒரே மகள். சலவை நிலையத்தில் விடியற்காலை ஐந்து மணி ஷிஃப்டுக்குப் போய்விடுவாள், பகல் ஒன்றுக்குத்தான் விடுவார்கள். ஆக, மூன்று வருடமாக அவருக்கு நீல வண்டிதான் கால்.

போன மாதம் அவருக்கு அறுபது முடிந்தது. அன்றைக்கே கணினி அவரை நீலப் பட்டியலிலிருந்து எடுத்துப் பச்சைப் பட்டியலில் போட்டுவிட்டது. அறுபதுக்கு மேற்பட்டவர் முதியோர், முதியோர் என்றால் பச்சை. ஒரு காலும் முளைக்கவில்லை, சிறுநீரகமும் திரும்பி வரவில்லை, ஆனால் பட்டியலின்படி அவர் இனி பகல்நேர இல்லத்துக்குப் போய்க் கேரம் விளையாட வேண்டியவர்.

ஒருமுறை ஊர் முழுக்க மழை வெள்ளம் சூழ்ந்து ஒரே ஒரு டயாலிசிஸ் தவறியபோது, மூச்சு வாங்க முடியாமல் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர். அடுத்த முறை இப்படி நடந்தால் நான் பொறுப்பில்லை என்று மருத்துவர் மகளிடம் சொல்லியிருந்தார். அது வண்டியக்காவுக்கும் தெரியும். மகள் தொலைபேசியில் அழுததில் மூன்று நிமிடம் கேட்டிருக்கிறாள்.

நேர்வழி அடைத்துக்கொண்டதால் கொல்லைப்புற வழி ஒன்றைக் கண்டுபிடித்தாள். நீல வண்டியில் போகிற ஒவ்வொரு மாற்றுத்திறனாளியும் கூட ஒரு துணையாளைக் கூட்டிப் போகலாம். துணையாளுக்கு வயது என்ன, கால் எத்தனை என்றெல்லாம் கணினி கேட்காது. மெத்தைக்காரர் வீட்டுக்கு அடுத்த தெருவில் பார்வையற்ற அம்மா ஒருவர் இருந்தார், வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர். வங்கி ஆஸ்பத்திரிக்கு எதிரில். வண்டியக்கா அவரிடம் பேசினாள், வங்கி திறப்பதற்கு வெகு முன்பே கிளம்பிவிட அவர் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஆபரேட்டரம்மாவுக்குத் துணையாள், மெத்தைக்காரர்.

நீல வண்டி ஓட்டுகிறவன் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவன், நெட்டை என்பார்கள். முதல் நாள் இருவரையும் ஏற்றிவிட்டு வண்டியக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, நீங்க இருக்கீங்களே! கண்ணு தெரியாதவங்களுக்குக் காலு இல்லாதவரு துணையாம். இதைப் போய் எந்த ஆபீசர்கிட்ட சொல்வேன்?"

"யார்கிட்டயும் சொல்லாத. வண்டியை ஓட்டு."

ஆனால் ஆபரேட்டரம்மாவுக்கு அதில் ஏக சந்தோஷம். "நெசமாவே துணைதான்பா. தெருவுல என்ன நடக்குதுன்னு ஒண்ணு விடாம சொல்லிட்டு வர்றார். இத்தனை வருஷமா நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா?" என்று நெட்டையிடம் சண்டைக்குப் போனாராம். இப்படி ஐந்து வாரம் ஓடியது, பதினைந்து டயாலிசிஸ். வண்டியக்கா மனதுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கூடக் கொண்டாள்.

ஆறாவது வாரம், வியாழக்கிழமை, பகல் இரண்டு மணி பத்து நிமிடம். இரண்டரைக்கு மறுநாள் பட்டியல் மூடிவிடும். இரண்டு தொலைபேசி காதில், மூன்றாவது அடித்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர். ஆபரேட்டரம்மா கூப்பிட்டார்.

"காய்ச்சலா இருக்கும்மா. நாளைக்கு வேலைக்குப் போகல. வண்டி வேணாம்."

"சரிம்மா. மாத்திரை போட்டுட்டுப் படுங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

பெயரைத் தட்டினாள். ரத்து என்று அழுத்தினாள். 'துணையாளோடு சேர்த்து ரத்து செய்யவா?' என்று திரை கேட்டது. பத்தொன்பது வருடமாகக் கேட்கிற கேள்வி. முதலாளி வராவிட்டால் துணையாள் எதற்கு வரப்போகிறார்? 'ஆம்' என்று அழுத்திவிட்டு மூன்றாவது தொலைபேசியை எடுத்தாள். அவ்வளவுதான். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு பத்துக்கு மெத்தைக்காரரின் குரல்.

"அம்மா, ஆறே முக்காலுக்கு வர்ற வண்டி இன்னும் வரலயே. நெட்டைத் தம்பிக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

 வண்டியக்காவுக்குத் திரையைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நேற்று அழுத்திய விரல் அழுத்தினது போலவே மேசை மேல் இருந்தது.

"இருங்கண்ணா. ரெண்டு நிமிஷம். நான் கூப்பிடறேன்."

நெட்டையைக் கூப்பிட்டாள். காலியான இடத்துக்குக் கணினி வேறு ஆளைப் போட்டு, அவன் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தான். "திரும்பி வர ஒம்பதே முக்கால் ஆயிடும்க்கா." வெள்ளை வண்டிக்காரர், "அந்த வீடு மூணரை கிலோமீட்டர்தானே? அஞ்சு இருந்தாத்தான் ஏத்த முடியும்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க" என்றார். பச்சை வண்டி அந்தத் தெருவழியாகத்தான் ஏழு நாற்பதுக்குப் போகிறது. அதன் ஓட்டுநர், "கதவுல நாற்காலி நுழையாதுக்கா. அப்படியே நுழைஞ்சாலும் ஆஸ்பத்திரி என் ரூட் கிடையாது" என்றார். மஞ்சளுக்கும் அதே கதவு. வாடகைக் கார் ஒன்றைச் சொல்லி அனுப்பினாள். அது வந்து, நாற்காலியைப் பார்த்து, ஆளையும் பார்த்து, திரும்பிப் போய்விட்டது. ஆம்புலன்ஸ் சேவைக்கும் அடித்தாள்.

"உயிருக்கு ஆபத்தான நிலைமையா?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

"இன்னும் இல்ல. ஆனா இன்னிக்கு விட்டா திங்கக்கிழமைதான். அதுக்குள்ள ஆயிடும்."

"ஆனதும் கூப்பிடுங்க மேடம்."

அந்தப் பெண்ணை அவள் திட்டவில்லை. தானும் பத்தொன்பது வருடமாக அதே குரலில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. கடைசியாக டயாலிசிஸ் பிரிவு நர்ஸைக் கூப்பிட்டாள். எட்டரைக்குள் வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவருக்கு அந்தப் படுக்கை போய்விடும் என்றார் நர்ஸ்.

ஆறரையிலிருந்து ஒன்பது வரை மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிப் பழகியவள் அவள். அன்றைக்கு எழுந்தாள். மூன்று தொலைபேசிகளையும் மேலதிகாரி அம்மாவின் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டாள். அந்த அம்மா அப்போது வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்திருப்பார். நன்றாகக் குடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, சாய்ந்த பலகைக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

அவர் வீடு பத்து நிமிட நடை. தெருமுனையில், மூடிய கடையின் ஷட்டர் ஓரமாக இரும்பு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடித்து வைத்த போர்வை மடியில், அதன் மேல் ஆஸ்பத்திரிக் கோப்பு. குரலை வைத்து ஒல்லியாக, கறுப்பாக இருப்பார் என்று கற்பனை செய்து வைத்திருந்தாள். ஆள் பெருத்த உடம்பு, வெளுத்த முகம், கணுக்கால் வீங்கியிருந்தது.

"போலாமாண்ணா?" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஐயோ, வண்டியக்காவா? நீங்களா வந்தீங்க?"

"நான்தான். பிடிச்சு உட்காருங்க."

மூன்றரை கிலோமீட்டர் என்பது ஊர்ப்படத்தில் ஒன்றரை விரற்கடை. தினமும் அதன் மேல் குண்டூசி குத்துகிறவளுக்கு, அதில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம், நடைபாதை எங்கே முடிந்து சாக்கடை எங்கே ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது. நாற்காலியின் முன்சக்கரம் ஒன்று வலப்பக்கமே இழுத்தது. கைப்பிடியில் ரப்பர் எப்போதோ போய்விட்டது. வெறும் இரும்பு உள்ளங்கையை அறுத்தது. முழங்கால் ஒவ்வொரு எட்டுக்கும் தன் இருப்பைச் சொன்னது.

பச்சை வண்டி அவர்களைக் கடந்து போனது. ஓட்டுநர் மரியாதைக்கு ஒரு ஹாரன் அடித்தார். உள்ளே இரண்டே பேர்.

"அந்த வண்டிக்கு நான்தான் தச்சேன்" என்றார் மெத்தைக்காரர். "பன்னெண்டு சீட்டு. கடைசி வரிசை இன்னும் புதுசாவே இருக்குமே? யாரும் உட்கார்ந்திருக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மேம்பாலத்தின் ஏற்றம் தொடங்கியிருந்தது. பாதியில் மூச்சு முட்டி நின்றாள். சக்கரத்துக்குக் காலை முட்டுக்கொடுத்தாள். இனியும் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

"அண்ணா, வண்டி வராததுக்கு யாரும் காரணம் இல்ல. நான்தான். நேத்து ஆபரேட்டரம்மாவை ரத்து பண்ணும்போது உங்களையும் சேர்த்து ரத்து பண்ணிட்டேன். யோசிக்காம அழுத்திட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே ரயில் ஒன்று போய் முடிந்தது.

"நேத்தே தெரிஞ்சிருந்தா எம்பொண்ணு லீவு சொல்லியிருப்பா" என்றார் பிறகு. "காலைல கிளம்பும்போது கூட, வண்டி வரும்ல அப்பான்னு கேட்டா. வண்டியக்கா இருக்காங்க, வராம எங்க போகும்னு அனுப்பி வெச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் சும்மா தகவல் போலத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் மூச்சு போதாது, ஏற்றம் இன்னும் பாதி இருந்தது. அதனால் அழாமல் தள்ளினாள்.

எட்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். படுக்கைக்கு அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டிருக்க, விரிப்பு மாற்ற வேண்டும், மெஷினைக் கழுவ வேண்டும் என்று எதையாவது சொல்லிப் பத்து நிமிடம் இழுத்தடித்துக்கொண்டிருந்தார் நர்ஸ். அந்தப் புண்ணியவதியின் முகத்தையும் வண்டியக்கா அன்றுதான் பார்த்தாள்.

"சீக்கிரம், சீக்கிரம். எந்தத் துறை வண்டி?" என்றார் நர்ஸ், கணினியைப் பார்த்துக்கொண்டே.

ஒரே ஆளை இரண்டு துறைகள் சுமந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த கேள்வி அது. வெள்ளை, நீலம், சொந்த வாகனம் என்று மூன்று கட்டம். ஏதாவது ஒன்றைத் தொடாமல் திரை அடுத்த பக்கம் போகாது, மெஷினும் ஓடாது. அதைச் சேர்க்க வேண்டும் என்று ஏழு வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடியதே வண்டியக்காதான். அன்றைக்கு எல்லோரும் கைதட்டினார்கள்.

"எந்தத் துறையும் இல்ல. தள்ளிட்டு வந்தேன்."

"அதுக்குக் கட்டம் இல்லக்கா. நீலம்னு போட்டா பயண எண் கேட்கும்."

சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். முழங்காலில் உயிர் போகிற வலி. "சொந்த வாகனம்னு போட்டுத் தொலைங்கம்மா" என்றாள். நர்ஸ் தொட்டார். திரை நகர்ந்தது. மெத்தைக்காரரின் ரத்தம் குழாயில் ஏறிச் சுற்றத் தொடங்கியதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். மனிதர் பிழைத்துக்கொண்டார். மதியம் வழக்கம்போல மகள் வந்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

அறைக்குத் திரும்பியபோது மேலதிகாரி அம்மா அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விளக்கம் கேட்டு ஓலை வரப்போகிறது என்று வண்டியக்கா வாசலிலேயே நின்றாள். அந்த அம்மாவின் தலைமுடி கலைந்து, முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"அறுபத்தோரு போன்" என்றார். "ஒரு பெரியவர் தன் பொண்டாட்டி செத்ததைச் சொல்லி, இனிமே ஒரு சீட்டு போதும்ங்கறார். நான் என்ன சொல்றது அவர்கிட்ட? தினமும் நீங்க ஒருத்தரேவா இதை எடுக்கறீங்க?"

"ஆமா மேடம்."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது வாசல் பலகையை ஒரு கையால் நேராக்கப் பார்த்தார். அது மறுபடியும் சாய்ந்துகொண்டது.

சனிக்கிழமை திங்களுக்கான பட்டியல் வந்தது. ஆபரேட்டரம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. இந்தத் தடவை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, துணையாள் இடத்தில் மெத்தைக்காரரின் எண்ணை அடித்தாள். கணினி சிவப்பாக ஒரு வரி காட்டியது. 'சொந்த வாகனம் உள்ளவர். எந்தத் துறை வண்டியிலும், எந்த வகையிலும், மூன்று மாதத்துக்கு இடமில்லை.'

இரண்டு தடவை அடித்தாள். இரண்டு தடவையும் அதே வரி. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு தலையை மேசை மேல் வைத்துக்கொண்டாள். தொலைபேசி அடித்தது, அடித்து ஓய்ந்தது. இத்தனை வருடத்தில் அவள் எடுக்காமல் விட்ட முதல் அழைப்பு அது. யார் தப்பு என்று யோசிக்கவும் தெம்பில்லை. ரத்து செய்தது தன் விரல், சொந்த வாகனம் என்று சொன்னது தன் வாய், அந்தக் கேள்வியைப் பெற்றுப் போட்டதும் தானேதான்.

திருத்தச் சொல்லிக் கடிதம் எழுதினாள். நான்கு துறையும் கையெழுத்துப் போட வேண்டும். மேலதிகாரி அம்மா அங்கேயே போட்டார். மற்ற கையெழுத்துகளுக்கு எப்படியும் மூன்று வாரம் ஆகும் என்றார். மூன்று வாரம் என்றால் ஒன்பது டயாலிசிஸ்.

"திங்கள், புதன், வெள்ளி காலைல போன் என் நம்பருக்கே வரட்டும்" என்றார் அந்த அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒம்பது மணி வரைக்கும்."

அன்று சாயங்காலம் புருஷன் அவள் உள்ளங்கைக்கு மருந்து தடவிவிட்டான். "வண்டியை அனுப்பறது போதாதுன்னு இப்ப வண்டியாவே ஆயிட்டியா?" என்றான்.  மெத்தைக்காரருக்குத் தொலைபேசியில் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. ஒருமுறை ரத்து செய்தது போதாதென்று மூன்று மாதத்துக்கு ரத்து செய்து வைத்திருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது? நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள்.

திங்கட்கிழமை ஆறரைக்குத் தெருமுனைக்குப் போனபோது அவர் ஏற்கெனவே தயாராக இருந்தார். அதே போர்வை, அதே கோப்பு. அவள் வார்த்தைகளைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறக்கப் போனாள். அப்போதுதான் நாற்காலியின் கைப்பிடிகளைப் பார்த்தாள். வெறும் இரும்பாக இருந்த இரண்டிலும் தடிமனான பஞ்சு வைத்துப் பச்சை ரெக்சின் உறை போட்டிருந்தது. பச்சை வண்டி இருக்கைகளுக்குப் போக மிஞ்சிய துண்டு.

"இது எப்பண்ணா தச்சீங்க?"

"ரெண்டு நாளாத்தாம்மா. வெள்ளிக்கிழமை உங்க கையைப் பார்த்தேன்."

"இன்னிக்கு வண்டி வராதுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல." அவர் கோப்பைச் சரிசெய்துகொண்டார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க. பட்டன் வெச்சுத்தான் தச்சிருக்கேன். வண்டி வந்துடுச்சுன்னா கழட்டிடலாம்."

அவள் பின்னால் போய் நின்றாள். கைப்பிடியில் கையை வைத்தாள். மெத்தென்று இருந்தது, வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை என்று இருந்தது. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பட்டனும் பளபளவென்று புதிது. தையல் மட்டும் பேருந்து இருக்கைகளுக்குப் போடுகிற இரட்டைத் தையல். பத்து வருடம் தாங்கும்.